சீட்டில் ஏறிய ராசி
கடாரத் தோட்டங்களின் கதை – 17

பட்டர்வொர்த்திலிருந்து கூலிமுக்குப் போகும் வழியில் இருக்கிறது லூனாஸ். மேல்நாட்டுச் சோதிடம் கொஞ்சமேனும் படித்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் நிலவின் நினைவு வரும். இலத்தீனில் லூனா என்றால் நிலவு. ஆனால் லூனாஸ் மலாயில் வழங்கும் சொல். கப்பலின் அடியில் முதுகெலும்பு போல ஓடும் ஏரா மரத்துக்கு அந்தப் பெயர். கடன் முழுவதும் அடைந்து கணக்குத் தீர்ந்ததையும் மலாயில் அதே சொல்லால் சொல்வார்கள். லூனா, லூனாஸ் இரண்டும் ஒலியில் இரட்டைப் பிள்ளைகள், பிறப்பில் ஒன்றையொன்று அறியாதவை. பொருத்தம் வேறு, உறவு வேறு என்பதற்கு இந்த ஊர்ப்பெயரே சான்றாக நிற்கிறது. இந்த வாரம் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

லூனாஸ் இருக்கும் தென்கெடாவில் பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. லயத்து வாசலில் பஞ்சாங்கம் படிக்கக் கேட்ட தலைமுறை போய், கைப்பேசியில் பலன் பார்க்கும் தலைமுறை வந்துவிட்டது. டாரட் என்னும் ஐரோப்பியப் படச்சீட்டும் இப்போது தமிழ் வீடுகளுக்குள் புழங்குகிறது. அதைக் கற்றுத்தரும் நூல்களைத் திறந்தால் முதலில் இருப்பது ஒரு பட்டியல்: இந்தச் சீட்டுக்கு மேஷம், அந்தச் சீட்டுக்கு ரிஷபம், அமாவாசையில் இப்படி விரி, பௌர்ணமியில் அப்படி விரி. கற்பவர் அதைப் பஞ்சாங்கத்தின் இன்னொரு வடிவம் என்றே எடுத்துக்கொள்கிறார். நான் இங்கே நிறுவ விரும்புவது ஒன்றே. நிலவுக்கும் ராசிக்கும் உள்ள உறவு வானத்தில் இருக்கிறது. அண்ணாந்து பார்த்துச் சரிபார்க்கலாம். ராசிக்கும் சீட்டுக்கும் உள்ளது மனிதர் செய்த ஏற்பாடு. செய்தவர் யார், எந்த ஆண்டு என்பதுகூடத் தெரியும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கற்பிக்கும்போது, தோட்டத்து மக்கள் கடல் தாண்டிக் கொண்டுவந்து காத்த ஒரு கணக்கறிவு வெறும் சகுனமாகச் சுருங்கிவிடுகிறது. அந்த இழப்பு சிறியதல்ல.

டாரட் பிறந்தது வட இத்தாலியில், 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில். பிறந்தபோது அது விளையாட்டுச் சீட்டு. நான்கு சாதிச் சீட்டுகள் 56, அவற்றை வெட்டும் துருப்புச் சீட்டுகள் 22, ஆக 78. பேரரசர், தேர், நீதி, மரணம், நிலவு, சூரியன் என்று துருப்புகளில் படங்கள் இருந்தன. நிலவும் சூரியனும் இருப்பதால் தொடக்கத்திலிருந்தே வானக் கணக்கு உள்ளே இருந்தது என்று தோன்றும். ஆனால் முதல் மூன்று நூற்றாண்டுகளில் அது பெரும்பாலும் ஆட்டக்காரர்களின் கையில்தான் இருந்தது. அந்த ஆட்டத்தின் வரலாற்றை ஆக்ஸ்ஃபோர்டுத் தத்துவ அறிஞர் மைக்கேல் டம்மட் 1980இல் ஒரு பெரிய நூலாகவே எழுதிக் காட்டினார். 1781இல் பாரிசில் அந்துவான் கூர் த ஜெபலென் என்பவர், இது எகிப்தியக் குருமார் மறைத்துவைத்த ஞான நூல் என்று எழுதினார். எகிப்திய எழுத்தைப் படிக்கும் வழியை உலகம் கண்டது 1822இல்! படிக்க முடியாத காலத்தில் சொல்லப்பட்ட எகிப்துக் கதை அது. அடுத்த சில ஆண்டுகளில் எத்தேயா என்ற புனைபெயர்க்காரர் குறி சொல்வதற்கென்றே சீட்டுக்கட்டு அச்சிட்டார். 1850களில் எலிஃபாஸ் லெவி, துருப்பு 22, எபிரேய எழுத்தும் 22 என்று கண்டு, ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எழுத்தைக் கட்டினார்.

ராசி சீட்டில் முழுமையாக ஏறியது அதற்கும் பிறகு. 1888இல் லண்டனில் பொன் விடியல் என்ற மறைஞானச் சங்கம் தோன்றியது. எபிரேய மறை நூலொன்று 22 எழுத்துகளை மூன்று, ஏழு, பன்னிரண்டு என்று பிரிக்கும்; மூன்று பூதங்கள், ஏழு கிரகங்கள், பன்னிரண்டு ராசிகள் என்று அவற்றுக்குப் பொருள் சொல்லும். சங்கத்தார் அந்தப் பிரிவினையை எழுத்திலிருந்து எடுத்துச் சீட்டின்மேல் வைத்தார்கள். பேரரசர் மேஷம் ஆனார், தேர் கடகம் ஆயிற்று, துறவி கன்னி ஆனார். எங்கே வைத்தால் பொருந்தவில்லையோ அங்கே என்ன செய்தார்கள் என்பதுதான் என் வாதத்துக்கு முதன்மையான சான்று. பழைய பிரெஞ்சுக் கட்டில் நீதி எட்டாவது சீட்டு, கையில் தராசு. வலிமை பதினோராவது சீட்டு, சிங்கத்தின் வாயைப் பிடித்த பெண். ராசி வரிசைப்படி எண்ணிக்கொண்டு வந்தால் தராசுச் சீட்டு சிம்மத்திலும் சிங்கச் சீட்டு துலாத்திலும் விழுந்தன. அதனால் சீட்டுகளின் இடத்தையே மாற்றிவிட்டார்கள். 1909 டிசம்பரில் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்து லண்டனில் வெளிவந்த கட்டில் வலிமை எட்டு, நீதி பதினொன்று. இன்று உலகம் முழுவதும், மலேசியாவிலும், பெரும்பாலோர் கற்பது அந்தக் கட்டின் வழியில்தான். சட்டை சேரவில்லை என்று உடம்பை வெட்டிய கதை இது. அதே 1909 மார்ச்சில் பாங்காக்கில் கையெழுத்தான ஒப்பந்தப்படி கெடா சயாமிடமிருந்து பிரிட்டிஷார் கைக்கு வந்தது. அடுத்து வந்த ரப்பர் விலையேற்றம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களை இந்த மண்ணுக்கு இழுத்தது. ராசி ஏறிய சீட்டும் கங்காணி கூட்டிவந்த தமிழரும் ஏறத்தாழ ஒரே வயதுக்காரர்கள் என்பது தற்செயல்தான். ஆனால் அந்தத் தமிழர் மூட்டையில் இருந்த ராசிக்கணக்கு அப்போதே ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது.

நிலவுச் சீட்டையே எடுத்துப் பாருங்கள். மேலே நிலவு, கீழே குரைக்கும் நாயும் ஓநாயும், இரண்டு கோபுரங்கள், நீரிலிருந்து ஊர்ந்து ஏறும் ஒரு நண்டினம். பார்ப்பவர் கடகம் என்பார். நிலவின் ஆட்சி வீடும் கடகம்தான். பட்டியலோ இந்தச் சீட்டுக்கு மீனம் என்கிறது. பதினெட்டாம் சீட்டுக்கு வந்த எழுத்தின் பங்கு அது. நிலவு என்ற கிரகமோ பெண் குரு என்ற இரண்டாம் சீட்டுக்குப் போய்விட்டது. ஸ்மித்தின் ஓவியத்தில் அவள் காலடியில் பிறை கிடக்கிறது. கடகத்துக்கு உரிய தேர்ச் சீட்டில் நண்டு இல்லை. படம் ஒன்று சொல்ல, பட்டியல் ஒன்று சொல்கிறது. சரி, வளர்பிறை தேய்பிறை? அந்த 22 சீட்டுப் பங்கீட்டில் திதிக்கு இடமே இல்லை. எட்டுப் பிறைநிலைகளுக்கு எட்டு மனநிலைகள் என்ற முறையை 20ஆம் நூற்றாண்டில் பரப்பியவர்களில் முக்கியமானவர் டேன் ருத்யார் என்ற பிரெஞ்சுக்காரர். ருத்ரன் என்ற பெயரிலிருந்து தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டவர். அவர் பேசியது பிறந்தபோது இருந்த பிறையைப் பற்றி. அமாவாசைக்கு இந்த விரிப்பு, பௌர்ணமிக்கு அந்த விரிப்பு என்பதெல்லாம் சீட்டின்மேல் விழுந்த கடைசி அடுக்கு.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். இத்தாலியர் நூற்றாண்டு நூற்றாண்டாகச் சோதிடம் பார்த்தவர்கள். அவர்கள் வரைந்த சீட்டில் மட்டும் சோதிடம் இல்லாமல் இருக்குமா? இதற்குப் பதில் ஃபெராரா நகரில் இருக்கிறது. அந்நகரை ஆண்ட எஸ்தே குடும்பத்தின் 1442ஆம் ஆண்டுக் கணக்கேட்டில் துருப்புச் சீட்டு வாங்கிய செலவு பதிவாகியிருக்கிறது. அதே குடும்பத்தின் ஸ்கிஃபனோயா மாளிகையில் 1470ஐ ஒட்டி மாதத்துக்கு ஒன்றாகச் சுவரோவியங்கள் தீட்டினார்கள். மேஷத்துக்கு உரிய சுவரில் கருநிற மனிதன் ஒருவன் நிற்கிறான். சிவந்த கண், வெள்ளை ஆடை, இடுப்பில் கட்டிய கயிறு. இவன் யார் என்பது வெகுநாள் விளங்காமல் இருந்தது. 1912இல் ரோமில் கலை வரலாற்று அறிஞர் ஆபி வார்பர்க் விடை சொன்னார்: இவன் இந்தியாவிலிருந்து வந்தவன். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் ஜாதகத்தில் மேஷத்தின் முதல் திரேக்காணத்துக்குச் சொன்ன உருவம், 9ஆம் நூற்றாண்டுப் பாக்தாதின் அபூ மஃஷர் வழியாக இத்தாலிக்குப் போய்ச் சுவரில் ஏறியிருந்தது. ஆக, ஒரே குடும்பத்தின் கையில் சீட்டும் இருந்தது, ராசியின் நுட்பமான பிரிவுகளும் இருந்தன. இரண்டையும் ஒன்றோடு ஒன்று கட்ட வேண்டும் என்று அவர்கள் எண்ணியதற்கு எந்த அடையாளமும் இல்லை. ராசியை வரைய விரும்பியபோது ராசியையே வரைந்தார்கள், ஆட விரும்பியபோது சீட்டை எடுத்தார்கள். அவர்களுக்கு இருந்த இந்தத் தெளிவு நானூறு ஆண்டுக்குப் பின் வந்த லண்டன்காரர்களிடம் இல்லை.

திரேக்காணம் என்றதும் சாதகம் எழுதுபவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ராசியின் 30 பாகையைப் பத்துப் பத்தாக மூன்றாய் வெட்டுவது அது. உடன்பிறப்பைப் பற்றிப் பார்க்க இன்றும் போடுகிற சக்கரம். பன்னிரண்டு ராசிக்கு 36 திரேக்காணம். டாரட்டில் இரண்டு முதல் பத்து வரையுள்ள எண் சீட்டுகள் நான்கு சாதிக்கும் சேர்த்து 36. பொன் விடியல் சங்கத்தார் இரண்டையும் பொருத்தினார்கள். எகிப்தில் இரவு நேரத்தை அளக்க வைத்த நட்சத்திரக் கூட்டங்கள், கிரேக்கம் போய், திரேக்காணம் என்ற பெயரோடு இந்தியா வந்து, அரபு வழியாக ஐரோப்பா சேர்ந்து, கடைசியில் ஆட்டச் சீட்டின்மேல் உட்கார்ந்தன. ஆகவே, ‘டாரட்டுக்கும் நம் சோதிடத்துக்கும் ஏதோ தொடர்பு உண்டு’ என்று சொல்பவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. தொடர்பு திரேக்காணத்தின் பயணத்தில் இருக்கிறது. அந்தப் பயணத்தின் கடைசி வண்டிதான் சீட்டு.

இனி நம் பக்கம் வருவோம். நிலவின் பிறைக்கும் ராசிக்கும் உறவு என்ன என்பதைப் பட்டியல் எதுவுமின்றித் தைப்பூசத்தைக் கொண்டே கற்றுக்கொள்ளலாம். தை மாதம் என்றால் சூரியன் மகரத்தில். பௌர்ணமி என்றால் நிலவு சூரியனுக்கு நேர் எதிரே, அதாவது ஏழாம் ராசியில். மகரத்திலிருந்து எண்ணினால் ஏழாவது கடகம். கடகத்தின் நடுவே இருக்கிற நட்சத்திரம் பூசம். சுங்கைப் பட்டாணியில் காவடி எடுப்பவர் இந்தக் கணக்கைப் போடாமலே அதற்குள் நடக்கிறார். பங்குனியில் சூரியன் மீனத்தில், எதிர்ப்புறம் கன்னி, அங்கே உத்திரம். கார்த்திகையில் சூரியன் விருச்சிகத்தில், எதிர்ப்புறம் ரிஷபம், அங்கே கார்த்திகை. திருவிழாப் பெயரிலேயே மாதம், பிறை, ராசி மூன்றும் முடிந்து வைக்கப்பட்டிருக்கின்றன. பௌர்ணமி அல்லாத நாளுக்கும் வழி உண்டு. ஒரு திதி என்பது சூரியனிலிருந்து நிலவு 12 பாகை விலகும் நேரம். ஒரு ராசி 30 பாகை. ஆகவே இரண்டரைத் திதிக்கு ஒரு ராசி விலகல். வளர்பிறைப் பஞ்சமி முடியும்போது நிலவு சூரியனைவிட்டு இரண்டு ராசி தள்ளி நிற்கும். இது விதி. யார் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலும், எந்த மொழிக்காரர் வானத்திலும் இது மாறாது.

பால் வெட்டுக்குப் போனவர்களுக்கு இது ஏட்டுப் படிப்பாக இருந்ததில்லை. ரப்பர் மரம் விடியலின் குளிர்ச்சியில்தான் நன்றாகப் பால் விடும். அதனால் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டு இருட்டிலேயே நடந்தது. பாடாங் செராய்ப் பக்கம் விக்டோரியா, ஹென்ரியட்டா போன்ற தோட்டங்களிலும் கெடா முழுவதும் இதுவே நடைமுறை. வளர்பிறை அட்டமி வரை நிலவு நள்ளிரவை ஒட்டியோ அதற்கு முன்போ மறைந்துவிடும். பெரட்டு நேரத்தில் கும்மிருட்டு. பௌர்ணமிக்கு அடுத்த நாட்களில் அதே நேரத்தில் மேற்கே நிலவு நிற்கும். தேய்பிறை அட்டமியில் உச்சிக்கு அருகே. அமாவாசை நெருங்க நெருங்க, கிழக்கே விடிவதற்குச் சற்று முன் எழும் மெல்லிய கீற்று. பால் பிடிக்கும் மங்கைக் கழுவி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால் திதி தெரியும். இதைச் சொல்லும்போது அந்த வாழ்க்கையை நான் அழகுபடுத்தவில்லை. இருட்டில் பாம்புக்கும் கொசுவுக்கும் நடுவே மரம் மரமாக ஓடிய வாழ்க்கை அது. ஆனால் எழுத்தறியாத பெண்களும் தினந்தோறும் வானத்தைச் சரிபார்த்த வாழ்க்கையாகவும் அது இருந்தது. லூனாஸ் போன்ற சிற்றூரில் அண்டை வீட்டுக்காரர்களும் நிலவைப் பார்த்தே நாள் குறித்தார்கள். மலாய்க்காரர் நோன்புப் பெருநாளுக்குப் பிறை தேடினார்கள். சீனர் முதல் நாளுக்கும் பதினைந்தாம் நாளுக்கும் ஊதுவத்தி ஏற்றினார்கள். பௌத்தர்கள் பௌர்ணமியில் விசாகம் கொண்டாடினார்கள். ஆண்டுத் தொடக்கமும் மாதப்பெயரும் வேறு வேறு, நிலவு ஒன்று.

இந்தக் கணக்கை எப்படிப் போட்டார்கள் என்பதற்கு ஒரு காட்சி பதிவாகியிருக்கிறது. 1825இல் ஜான் வாரன் என்பவர் தென்னாட்டுக் காலக்கணிதம் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் அவருக்குச் சந்திர கிரகணம் கணித்துக் காட்டினார். கையில் ஏடு இல்லை, பேனா இல்லை. தரையில் சோழிகளை வைத்தும் எடுத்தும், மனப்பாடமாக இருந்த வாக்கியங்களை எண்ணாக மாற்றியும் போட்டார். அவ்வாண்டு மே 31, ஜூன் 1 இரவில் நேர்ந்த கிரகணத்தோடு ஒப்பிட்டபோது தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிழை. எழுதாமல் போட்ட கணக்குக்கு அந்தப் பிழையைச் சொல்லவே வெட்கப்பட வேண்டியதில்லை. அவர் சொன்ன வாக்கியங்கள் வரருசியின் பெயரால் வழங்குபவை, மொத்தம் 248. நிலவு பூமிக்கு மிக அருகே வந்து மறுபடி அருகே வர ஏறத்தாழ 27.55 நாள்; அப்படி ஒன்பது சுற்றுக்கு 248 நாள். எந்த நாளுக்கு எந்த வாக்கியம் என்று தெரிந்தால் நிலவின் இடம் தெரியும். சோழி உருட்டிக் குறி சொல்வதும் நம்மிடம் உண்டு. ஆனால் அந்த மனிதர் கையில் சோழி குறிக்கருவியாக இல்லை, கணக்குக் கருவியாக இருந்தது. ஒரே பொருள், இரண்டு தொழில்.

பிழை அளக்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள். அளக்க முடிந்ததால்தான் திருத்தவும் முடிந்தது. சென்னை வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். கண்ணால் கண்ட நிலைக்கு ஏற்பக் கணித்த திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டு, பழைய வாக்கியங்கள் வானத்தைவிட்டு விலகியதைச் சுட்டிக்காட்டினார். வாக்கியமா திருக்கணிதமா என்ற வழக்கு இன்றும் தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் ஓய்ந்தபாடில்லை. கோயில் நாள் குறிப்பதில் மனக்கசப்புகூட வருகிறது. ஆனால் அந்த வழக்கே ஆரோக்கியத்தின் அடையாளம் என்பேன், ஏனென்றால் தீர்ப்புச் சொல்ல வானம் இருக்கிறது. தேர்ச் சீட்டு கடகமா தனுசா என்று இருவர் வழக்காடினால் யாரிடம் போவது? பொன் விடியலின் பட்டியலை ஏற்காதவர்கள் வேறு பட்டியல்கள் வைத்திருக்கிறார்கள். எது சரி என்று எந்த இரவும் சொல்லப்போவதில்லை.

கடல் தாண்டி வந்த பஞ்சாங்கம் லூனாசில் ஒரு புதுச் சிக்கலைச் சந்தித்தது. சென்னை ஏறத்தாழ 80¼ பாகைத் தீர்க்கரேகையில், லூனாஸ் 100½ பாகையில். சூரியக் கணக்கில் 81 நிமிட வித்தியாசம். மூன்றேகால் நாழிகைக்குச் சற்று மேல். திதி முடியும் கணம் உலகம் முழுவதும் ஒன்றுதான், சூரியோதயம் ஒன்றல்ல. சென்னையில் விடிவதற்கு அரைமணி முன் தசமி முடிந்தால் அங்கே அன்று ஏகாதசி. அந்தக் கணத்தில் லூனாசில் விடிந்து முக்கால் மணிக்கு மேலாகியிருக்கும். ஆகவே இங்கே உதயத்தில் இருந்தது தசமி. சராசரித் திதி 23 மணி 37 நிமிடம் என்று வைத்துக் கணக்கிட்டால், பதினேழு பதினெட்டு நாளுக்கு ஒரு முறை சென்னைப் பஞ்சாங்கத்தின் திதி இந்த ஊருக்குப் பொருந்தாது. இதற்குமேல் கடிகாரமே நிலைகொள்ளவில்லை. 1933இல் மலாயாவின் கடிகாரம் கிரீன்விச்சைவிட 7 மணி 20 நிமிடம் முன்னால். 1941 செப்டம்பரிலிருந்து ஏழரை மணி. 1942 பிப்ரவரியிலிருந்து ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம், ஒன்பது மணி. 1945இல் மறுபடி ஏழரை. 1942 ஜூன் மாதம் தோட்டத்து லயத்தில் ‘காலை ஏழு மணிக்கு’ பிறந்த பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அந்த ஏழு மணி, பழைய கடிகாரத்தில் ஐந்தரை. பின்னாளில் ஒருவர் இதை அறியாமல் சாதகம் கணித்தால் லக்கினம் 22 பாகை அளவு தள்ளிப்போகும்; பல சமயம் ராசியே மாறும். நிலவு நகர்ந்திருப்பதோ ஒரு பாகைக்கும் குறைவு. சந்திர ராசி பெரும்பாலும் அப்படியே இருக்கும். சயாம் மரண ரயிலுக்கு ஆண்களைக் கொண்டுபோன ஆண்டுகள் அவை. குடும்பத்தில் பிறப்புக் குறிப்பு ஒன்று மிஞ்சியதே பெரிது. மிஞ்சிய குறிப்பில் உறுதியாக நின்றது நிலவுதான்.

நம்மிடமும் சீட்டு உண்டே, கிளி சோதிடம் இல்லையா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். சிறு கூண்டு, கதவைத் திறந்ததும் நடந்துவரும் கிளி, வரிசையாய் அடுக்கிய உறைகளை ஒவ்வொன்றாய் அலகால் இழுத்துப் போட்டு ஒன்றில் நிற்பது, ஒரு நெல்மணி வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் போவது. மலாயாவின் தமிழ்த் தெருக்களும் அறிந்த காட்சி. சீட்டு வழக்கமாக 27 என்றும் அது 27 நட்சத்திரக் கணக்கு என்றும் சொல்வார்கள். ஆனால் முருகன் படமோ மாரியம்மன் படமோ வருவதற்கும் அன்று நிலவு நிற்கும் நட்சத்திரத்துக்கும் கிளி முடிச்சுப் போடுவதில்லை. பரணி நாளில் எடுத்தாலும் ரோகிணி நாளில் எடுத்தாலும் கட்டு அதே கட்டு. 27க்கு 27 என்பதும் 22க்கு 22 என்பதும் ஒரே வகைப் பொருத்தம். 2010 உலகக் கிண்ணத்தில் சிங்கப்பூர் சிராங்கூன் வட்டாரத்து மணி என்ற கிளி காலிறுதி வெற்றிகளை வரிசையாய்ச் சொல்லி உலகச் செய்தியானது. இறுதி ஆட்டத்துக்கு நெதர்லாந்து என்றது, ஸ்பெயின் வென்றது. மேல்நாட்டுச் சீட்டுக்கு ஒரு நியாயம், நம் சீட்டுக்கு ஒரு நியாயம் என்று நான் வைக்கவில்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. வானத்தில் கோடு ஏதும் இல்லை. பன்னிரண்டு ராசி என்பதும் யாரோ வெட்டியதுதானே? உண்மை. மேல்நாட்டார் வசந்த சம நாளிலிருந்து மேஷத்தைத் தொடங்குகிறார்கள், நாம் நட்சத்திரத்திலிருந்து. இன்று இரண்டுக்கும் ஏறத்தாழ 24 பாகை இடைவெளி. அதனால்தான் டாரட் நூலில் ஏப்ரல் 5இல் பிறந்தவர் மேஷம் என்றிருக்க, நம் கணக்கில் அன்று சூரியன் மீனத்தில் இருக்கிறது. அதற்குமேல், அவர்கள் ‘என் ராசி’ என்பது சூரியன் நின்ற ராசி, நாம் சொல்வது சந்திரன் நின்ற ராசி. கோடு ஏற்பாடுதான். ஆனால் ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்ட பிறகு, நாளை இரவு நிலவு எந்தக் கோட்டைத் தாண்டும் என்பது ஏற்பாடு அல்ல. சொல்லிவிட்டுக் காத்திருந்து பார்க்கலாம். இதனால் பலனும் உண்மையாகிவிடுமா என்றால், ஆகாது. கணிதம் சரியாக இருப்பது பலனுக்குச் சாட்சி அல்ல. 1985இல் ஷான் கார்ல்சன் நடத்திய சோதனையில், மூன்று ஆளுமைக் குறிப்புகளில் சாதகத்துக்கு உரியதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, சோதிடர்கள் மூன்றில் ஒன்றுக்கு மேல் சரியாகச் சொல்லவில்லை. கண்ணை மூடி எடுத்தாலும் அவ்வளவு வரும். 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கிய பெரியாரும் 1935இல் தமிழ் முரசு தொடங்கிய கோ. சாரங்கபாணியும் அவர்களைச் சுற்றி எழுந்த சீர்திருத்த இயக்கமும் கூலிப்பணத்தைச் சோதிடத்தில் தொலைக்காதே என்றது பாட்டாளியின் மேல் இருந்த அக்கறையால். அதில் நான் அவர்கள் பக்கம். ஆனால் பலனோடு சேர்த்துக் கணிதத்தையும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கியவர்கள் அந்தப் பாசறையில் உண்டு. பிள்ளைகள் வானத்தைப் படிக்கும் தமிழ்ச்சொற்கள் அந்த ஒதுக்கலில் போயின.

பழமை இல்லாததால் சீட்டு பயனற்றதா என்ற கேள்விக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். இல்லை. ஸ்மித்தின் ஓவியங்கள் அழகானவை. ஒரு படத்தை முன்வைத்துத் தன் மனக்கவலையைப் பேசிப் பார்ப்பவருக்கு அது உதவலாம். அதற்கு ராசி வேண்டியதில்லை, நிலவைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதும் இல்லை. இந்தப் பட்டியல் 1888க்குப் பின் லண்டனில் செய்தது என்று முதல் பாடத்திலேயே சொல்லிக் கற்பித்தால் கற்பவருக்கு எந்த நட்டமும் இல்லை.

கடைசியாக ஓர் இரவு. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி முன்னால் தள்ளி வைக்கப்பட்டது. ஒன்பது நாள் கழித்து, ஜனவரி 10 ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, முழுச் சந்திர கிரகணம். நடுக்கணம் புதுக் கடிகாரத்தில் 3 மணி 56 நிமிடம். பழைய கடிகாரத்தில் 3:26. இந்திய நேரத்தில் 1:26. மார்கழிப் பௌர்ணமி, சூரியன் தனுசின் கடைசியில், ஆகவே நிலவு மிதுனத்தில், புனர்பூசத்தில். மேல்நாட்டுக் கணக்கில் அதே நிலவு கடகம் 19 பாகை. சீட்டுக்காரர் நம் கணக்கை எடுத்தால் காதலர் சீட்டு, அவர் கணக்கை எடுத்தால் தேர், கிரகத்தை எடுத்தால் பெண் குரு, பெயரை எடுத்தால் நிலவுச் சீட்டு. லூனாசின் மேல் மேகம் விலகியிருந்தால், 3:17க்குச் சிவந்து 4:35 வரை அப்படியே நின்ற நிலவைப் பெரட்டுக்கு எழுந்து பழகியவர்கள் ஞாயிறு என்றும் பாராமல் வாசலில் நின்று பார்த்திருப்பார்கள்.